ஓலையைத் திருப்பிப் பார்த்தீர்களா? தென்னைச் செதில் பூச்சி பற்றிய வாசகர் கேள்வி பதில்

தென்னை ஓலையில் மஞ்சள் திட்டு, அடிப்புறத்தில் சின்னச் சின்ன வட்டப் பொட்டு. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பதில் நீளமாகத் தேவைப்பட்டவற்றுக்கு இங்கே இடம் கொடுத்திருக்கிறோம்.

பொள்ளாச்சி வாசகர்: எட்டு வயது மரங்கள். அடி மட்டைகளில் ஓலை மஞ்சளாகி நுனியிலிருந்து காய்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளை ஈ என்கிறார்கள். உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட் கொடுத்தார்கள். இன்னொருவர் செதில் பூச்சி என்கிறார். எதை நம்புவது?

பதில்: ஓலையைத் திருப்பிப் பார்க்காமல் சொன்னால் மூன்றுமே ஊகம்தான். கீழிருந்து மூன்றாவது அல்லது நான்காவது மட்டையில், மஞ்சள் நன்றாகத் தெரியும் ஓர் ஓலையைக் கிள்ளி எடுத்து, அடிப்புறம் தெரியும்படி வெளிச்சத்தில் பிடியுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

செதில் பூச்சி என்றால் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவில், தட்டையான வட்டங்கள் ஓலையோடு ஒட்டிக் கிடக்கும். ஓடு மெழுகுத்தாள் போல மெல்லியது. அதன் வழியாக நடுவில் மஞ்சள் உடல் தெரியும். ஆஃப்பாயில் முட்டையைக் கடுகளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. குண்டூசி நுனியை ஓரத்தில் நுழைத்து நெம்பினால் ஓடு மட்டும் தனியே கழன்று வரும், பூச்சி ஓலையிலேயே நிற்கும். இந்தக் கழன்று வரும் ஓடுதான் கவசச் செதில் பூச்சிக் குடும்பத்தின் அடையாளம். ஓலையின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளி எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் கீழே ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துதான் முழு ஓலையும் மஞ்சளாகிறது. தாக்குதல் முற்றினால் காம்பு, பாளை, குரும்பை வரைக்கும் ஏறிவிடும்.

சுருள் வெள்ளை ஈ உங்கள் பகுதிக்குப் புதிதல்ல. இந்தியாவில் 2016இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். அது சுருள் சுருளாக முட்டையிடும், வெள்ளை மெழுகுத் தூள் விரலில் ஒட்டும், மட்டையை உலுக்கினால் பறக்கும். முக்கியமாக, அது இனிப்பான கழிவைச் சொட்டும். அந்தக் கழிவின் மேல்தான் கீழ் ஓலைகளில் கரி பூசியது போலக் கரும்பூசணம் படர்கிறது. கவசச் செதில் பூச்சி அப்படி எதையும் சொட்டுவதில்லை. ஓலை மஞ்சள், ஆனால் கரி இல்லை, எறும்புச் சாரியும் இல்லை என்றால் சந்தேகம் செதில் பக்கம் திரும்ப வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். கரி இருப்பதால் செதில் இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே மரத்தில் இருக்கலாம்.

மெக்னீசியக் குறைவில் முதிர்ந்த ஓலைகளின் ஓரமும் நுனியும் மஞ்சளாகும், ஈர்க்கை ஒட்டிய பகுதி பச்சையாகவே நிற்கும். சாம்பல் சத்துக் குறைவிலும் ஆரஞ்சு மஞ்சள் புள்ளிகள் வரும், இதைத்தான் செதிலோடு அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் புள்ளிக்குக் கீழே பூச்சி இருக்காது. திருப்பிப் பார்த்தால் அரை நிமிடத்தில் முடிகிற விஷயம்.

உடுமலை வாசகர்: செதில் என்று உறுதியாகிவிட்டது. இமிடாகுளோபிரிட் வேர் வழியாகக் கட்டினோம். இரண்டு மாதமாகியும் மாற்றமில்லை. மருந்து போலியா?

பதில்: மருந்து அசலாகவே இருக்கலாம். பூச்சி அதைக் குடிப்பதில்லை, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, மென்செதில் பூச்சி (தனியே கழன்று வரும் ஓடு இல்லாத செதில் வகை) ஆகியவை இலையின் சாற்றுக் குழாயில் ஊசியை இறக்கி உறிஞ்சுபவை. குழாயில் ஓடுவது சர்க்கரைத் தண்ணீர். தேவைக்கு மேல் வரும் சர்க்கரையைப் பின்புறமாக வெளியேற்றியாக வேண்டும், அதுதான் அந்த இனிப்புக் கழிவு. கவசச் செதில் பூச்சி குழாயைத் தேடுவதில்லை. தன் உடலைவிடப் பலமடங்கு நீளமான, மயிரிழை போன்ற வாய் ஊசியை இலைச் சதைக்குள் செலுத்தி, ஒவ்வொரு செல்லாகக் குத்திக் காலி செய்கிறது. அதனால்தான் இனிப்புக் கழிவு இல்லை, அதனால்தான் பச்சையம் போய் வட்டமாக மஞ்சள் விழுகிறது. வேர் வழியாகவோ தண்டு வழியாகவோ ஏற்றிய இமிடாகுளோபிரிட், கொல்லும் அளவில் அந்தச் செல்களுக்குள் போய்ச் சேருவதில்லை. அதே மருந்து மென்செதிலுக்கு வேலை செய்திருக்கும். கடைக்காரர் "செதிலுக்குக் கேட்கும்" என்று சொன்னதும் அந்த அனுபவத்தில்தான் இருக்கும். இரண்டையும் தமிழில் ஒரே பெயரால் அழைப்பதால் வருகிற வினை இது.

மேலே தெளித்தாலும் முதிர்ந்த பூச்சிமேல் மருந்து படாது, ஓடு குடை போலத் தடுத்துவிடும். மருந்து பிடிக்கிற காலம் ஒன்றே ஒன்றுதான். முட்டை பொரிந்து வெளியே வந்த குஞ்சு, ஒட்டிக்கொள்ள இடம் தேடி ஊர்கிற ஓரிரு நாள். இந்தக் குஞ்சுக்குக் கால் உண்டு, ஓடு இல்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து ஊசியை இறக்கிவிட்டால், பெண்ணுக்கு அதற்கப்புறம் நடையே கிடையாது. முதல் தோலுரிப்போடு கால் போய்விடும். ஓட்டின் நடுவில் தெரியும் சிறு வட்டங்கள் அது உரித்துப்போட்ட பழைய தோல்கள், தோலும் மெழுகும் சேர்ந்ததே ஓடு. ஆணுக்கு மட்டும் கடைசியில் ஒரு ஜோடி இறக்கை முளைக்கும், ஆனால் வாய் இருக்காது.

நம் வெயிலில் முட்டையிலிருந்து முதிர்ந்த பூச்சியாக ஐந்து வாரம் போதும். தலைமுறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வருவதால் ஒரே தெளிப்பில் எல்லாக் குஞ்சையும் பிடிக்க முடியாது. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறையாவது தேவை.

பைரித்ராய்டு வகை மருந்துகளை இதற்குத் தொடவே தொடாதீர்கள். செதில் ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கும், அதைத் தின்னும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும்தான் முதலில் சாகும். மூன்றே மாதத்தில் முன்பைவிட அதிகமாகச் செதில் திரும்பும்.

பேராவூரணி வாசகி: வேப்பெண்ணெய் தெளித்தோம். நாற்றங்காலில் ஒரு வரிசைக் கன்றுகள் கருகிவிட்டன, மற்ற வரிசைகளில் பூச்சி அப்படியே இருக்கிறது. அளவு தவறா?

பதில்: ஒரு பக்கம் கருகியும் இன்னொரு பக்கம் பலனில்லாமலும் போனால், அளவை விடக் கலக்கிய விதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். எண்ணெயை நேரே டேங்கில் ஊற்றியிருப்பீர்கள். அது மேலே மிதக்கும், குழாய் கீழேயிருந்து எடுக்கும். முதல் கன்றுகளுக்கு வெறும் தண்ணீர் போகும், டேங்க் தீரும் நேரத்தில் வந்த வரிசைக்கு வெறும் எண்ணெய் போகும்.

10 லிட்டருக்கு 50 மில்லி வேப்பெண்ணெய், 10 கிராம் காதி சோப்பு. சோப்பைச் சீவி அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை நூல் போல ஊற்றிக்கொண்டே மத்தால் கடையுங்கள், மோர் நிறத்துக்கு வர வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கினால் இன்னும் கடைய வேண்டும். இதை மீதி ஒன்பதரை லிட்டரில் கலக்கி, அன்றைக்கே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தெளித்து முடியுங்கள். இடையிடையே டேங்கைக் குலுக்குங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்து தயிர்த் திப்பியாகிவிடும், அந்தத் தண்ணீரில் எண்ணெய் கலக்காது. அப்போது மழைநீரோ ஆற்றுநீரோ எடுங்கள், இல்லையென்றால் சோப்புக்குப் பதில் கடையில் கிடைக்கும் ஒட்டுத் திரவம் 10 மில்லி சேருங்கள். மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கிடைத்தால் லிட்டருக்கு 25 கிராம், அதற்குத் தனியாக எண்ணெய் வேண்டாம்.

மாலை நான்கு மணிக்குப் பிறகு தெளியுங்கள். நுனிக்குழாய் கீழிருந்து மேல் நோக்கி இருக்கட்டும், ஓலையின் முதுகை மட்டும் நனைத்துவிட்டு வருவது வீண்வேலை. கந்தகத் தூளோ நனையும் கந்தகமோ போட்டு ஒரு மாதம் ஆகாத செடிக்கு எண்ணெய் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கருகும். தண்ணீர் காணாமல் வாடி நிற்கும் கன்றுக்கும் கூடாது.

பலன் தெரிந்ததா என்று பழைய ஓலையைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். செத்த செதில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், போன பச்சை திரும்பாது. ஊசியால் இருபது ஓட்டைத் தூக்கிப் பாருங்கள். உடல் கொழுகொழுவென்று பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகச் சுருங்கியிருந்தால் செத்தது. ஓட்டில் ஊசியால் குத்தியது போல வட்ட ஓட்டை இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய வழி. ஓடு தாறுமாறாகக் கிழிந்திருந்தால் பொறிவண்டு தின்றது. இருபதில் பாதிக்கு மேல் ஓட்டையும் கிழிசலுமாக இருந்தால், அடுத்த தெளிப்பைத் தள்ளிப்போடுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை.

திருச்சி, விலங்கியல் மாணவி: குறிப்புகளில் ஆஸ்பிடியோட்டஸ் டெஸ்ட்ரக்டர், டெம்னாஸ்பிடியோட்டஸ் டெஸ்ட்ரக்டர், ஆஸ்பிடியோட்டஸ் டிரான்ஸ்பேரன்ஸ் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. மூன்றும் ஒன்றா? சில இடத்தில் பெயர் சூட்டியவர் அடைப்புக்குறிக்குள் வருகிறார், சில இடத்தில் வெளியே. ஏன்?

பதில்: மூன்றும் ஒரே பூச்சிதான். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் சின்யோரே 1869இல், இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் தென்னையிலிருந்து கிடைத்ததை வைத்து டெஸ்ட்ரக்டர் என்று பெயரிட்டார். 'அழிப்பவன்' என்று பொருள். ஆஸ்பிடியோட்டஸ் என்பது கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இருபத்தோரு ஆண்டு கழித்து, இலங்கையின் தேயிலையில் இதே பூச்சியைக் கண்ட கிரீன், ஓடு கண்ணாடி போல இருப்பதைப் பார்த்து டிரான்ஸ்பேரன்ஸ் என்று 1890இல் புதிதாகப் பெயர் வைத்தார். 1893இல் காக்கரெல் ஃபேலக்ஸ் என்றார், அதே ஆண்டில் நியூஸ்டெட் கோகோட்டிஸ் என்றார். முந்திய பெயரே நிற்கும் என்பது விதி. ஆகவே மற்றவை இணைப்பெயர்களாக ஒதுங்கின. டெம்னாஸ்பிடியோட்டஸ் வேறு வகைச் சிக்கல். அங்கே இனம் மாறவில்லை, பேரினத்தைப் பிரித்தார்கள். சோவியத் நிபுணர் போர்க்சீனியஸ் 1966இல் அந்தப் பேரினத்தின் கீழ் இதை வைத்தார். பிற்கால வகைப்பாட்டில் பழையபடி ஆஸ்பிடியோட்டஸுக்கே வந்துவிட்டது.

அடைப்புக்குறி விதி எளியது. முதலில் வைத்த பேரினத்திலேயே இனம் இன்றும் இருந்தால் ஆசிரியர் பெயர் வெறுமனே வரும்: ஆஸ்பிடியோட்டஸ் டெஸ்ட்ரக்டர் சின்யோரே. பேரினம் மாறியிருந்தால் அடைப்புக்குறி வரும்: மஞ்சள் கிழங்கில் வரும் செதில் ஆஸ்பிடியெல்லா ஹார்ட்டியை. அதைக் காக்கரெல் 1895இல் ஆஸ்பிடியோட்டஸில் வைத்தார், பிறகு நகர்ந்தது. எனவே அது ஆஸ்பிடியெல்லா ஹார்ட்டியை (காக்கரெல்). தேர்வில் இந்தக் குறியை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும், ஆராய்ச்சிக் கட்டுரையில் விட்டால் மானம் போகும்.

வரிசைக்கிரமம்: ஹெமிப்டெரா வரிசை, காக்காய்டியா பெருங்குடும்பம், டயஸ்பிடிடே குடும்பம், ஆஸ்பிடியோட்டினே துணைக்குடும்பம். பேரினத்தை 1833இல் புஷே நிறுவினார், அதன் மாதிரி இனம் அலரிச் செதிலான ஆஸ்பிடியோட்டஸ் நீரியை.

ஒரே பூச்சிக்கு இத்தனை பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. காலும் இறக்கையும் இல்லாத, பை போன்ற பெண் பூச்சியில் வெளியே பார்த்து அடையாளம் சொல்ல எதுவுமில்லை. ஓட்டின் நிறமும் வடிவமும் உட்கார்ந்த இலைக்கு ஏற்ப மாறும். உண்மையான அடையாளம் உடலின் பின்நுனித் தகட்டில் இருக்கிறது. டெஸ்ட்ரக்டரில் மூன்று ஜோடி மடல்கள். நடு ஜோடி, பக்கத்து ஜோடியைவிடக் குட்டையாக உள்ளடங்கி நிற்கும். நீரியையில் நடு ஜோடிதான் துருத்தி நிற்கும். இதைப் பார்க்க, நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடி வில்லை (ஸ்லைடு) தயாரிக்க வேண்டும். ஓட்டை அகற்றி, புதிதாக முதிர்ந்த பெண்ணை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மெல்லச் சூடாக்கி, வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை அழுத்தி வெளியேற்றி, ஆசிட் ஃபுக்சினில் சாயமேற்றி, படிப்படியாகக் கூடும் ஆல்கஹாலில் நீரை எடுத்து, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் பதிக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பின்தகடு கிழியும். ஆல்கஹாலில் அவசரப்பட்டால் பால்சத்தில் பால் போல வெண்மை படரும், மடல் தெரியாது. முட்டை நிறைந்த கிழட்டுப் பெண்ணை எடுத்தால் எவ்வளவு அழுத்தியும் தெளியாது.

தேனி வாசகர்: தென்னைக்குள் வாழையும் கொக்கோவும் ஊடுபயிர். வேலியில் மாவும் கொய்யாவும். தென்னைச் செதில் இவற்றுக்கும் பரவுமா? மாவிலையில் ஏற்கெனவே வெள்ளையாக ஏதோ இருக்கிறது.

பதில்: பரவும். தென்னைச் செதில் என்று பெயரிருந்தாலும் நாற்பதுக்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் இது பதிவாகியிருக்கிறது. தென்னைக்கு அடுத்தபடியாகத் தொல்லை கொடுப்பது வாழைக்கு. பாக்கு, எண்ணெய்ப் பனை, மா, கொய்யா, பலா, ஈரப்பலா, பப்பாளி, வெண்ணெய்ப் பழம், கொக்கோ, தேயிலை, தாழை, பெருங்கள்ளி எனப்படும் அரளி வகை என்று பட்டியல் நீளும். ஆனால் உணவுச் செடிப் பட்டியல்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். காற்றில் அடித்துவந்த குஞ்சு ஒரு செடியில் உட்கார்ந்துவிட்டது என்பதற்காக அது உணவுச் செடி ஆகிவிடாது. அங்கேயே முதிர்ந்து, ஓட்டுக்கடியில் முட்டையிட்டு, அந்த முட்டையிலிருந்து வந்ததும் அதே செடியில் ஒட்டியிருந்தால்தான் கணக்கு. உங்கள் வாழையில் பார்க்கும்போதும் இதையே பாருங்கள். நாலைந்து தனிப் பொட்டு மட்டும் இருந்தால் விருந்தாளி. தாயைச் சுற்றிக் கொத்தாக இருந்தால் குடித்தனம்.

மாவிலை வெள்ளை அநேகமாக வேறு இனம், மா வெண்செதிலான ஆலகாஸ்பிஸ் டியூபர்குலாரிஸ். ஆண்களின் ஓடு பஞ்சு வெள்ளையில் நீளவாக்கில் மூன்று முகடுகளோடு, தாயைச் சுற்றிக் கூட்டமாக இருக்கும். பெண்ணின் ஓடு வட்டம், ஓரத்தில் கறுப்புப் பொட்டு. காயில் உட்கார்ந்தால் சுற்றிலும் இளஞ்சிவப்புத் திட்டு விழும், விலை போகாது. இது தென்னைக்குத் தாவுகிறது என்று பயப்பட வேண்டாம். அறுவடை முடிந்ததும் உள்கிளைகளைக் கவாத்து செய்து வெளிச்சம் விடுங்கள், பாதி வேலை முடியும்.

கொய்யாவில் வெள்ளைப் பஞ்சும் இலையில் கரியும் இருந்தால் அது மென்செதிலாக இருக்கலாம். முன்பு சொன்ன வேற்றுமை இங்கேயும் பொருந்தும்.

ஊடுபயிரில் மருந்து தெளிப்பதைவிட வாழையின் முதிர்ந்த, பூச்சி அடைந்த இலைகளை அறுத்து எடுப்பது நல்லது. தென்னையிலும் மிக மோசமான அடி மட்டை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டை வரைதான் மரம் புதிதாக விடுகிறது, ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு பாளை. பச்சை மட்டையை வெட்டினால் பூச்சி தின்னாததையும் நீங்களே தின்ற கணக்கு. வெட்டியதை உடனே எரிக்கவும் வேண்டாம். கன்றுகள் இல்லாத மூலையில் ஒரு வாரம் போட்டுவையுங்கள். ஓலை காய்ந்தால் நகர முடியாத செதில் பட்டினியில் சாகும், ஓட்டுக்குள் கூடாக இருக்கும் குளவிகள் மட்டும் பறந்து தோப்புக்குத் திரும்பும்.

கன்னியாகுமரி வாசகி: ஓலையில் பளபளப்பான கறுப்பு வண்டு நிறைய. கத்தரியில் ஓட்டை போடும் வண்டு இனமா? மருந்தடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அரைக்கோளமாக, எண்ணெய் தேய்த்தது போல மின்னும் கறுப்பில், தலைப்பக்கம் மஞ்சள் கலந்து, நாலு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அது கைலோகோரஸ் நைக்ரிட்டா என்ற பொறிவண்டு. கத்தரி வண்டு மங்கலானது, மேலே மெல்லிய ரோமம் உண்டு, புள்ளிகள் நிறைய. கைலோகோரஸின் புழு உடல் முழுக்க முள்ளாக இருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் வண்டைப் போலவே அதுவும் செதிலைத்தான் தின்னும். கூட்டுப்புழு, கிழிந்த புழுத்தோலுக்குள்ளேயே கொத்தாக ஒட்டியிருக்கும். அதைக் கெட்டுப்போன பூச்சி என்று துடைத்துவிடாதீர்கள். 1938இல் செஷல்ஸ் தீவுகளின் தென்னைச் செதிலுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுபோன வண்டு இதுதான், அங்கே நிலைத்துவிட்டது. ஃபிஜித் தீவுகளில் 1928இல் டெஸ்ட்ரக்டரை அடக்கியது இன்னொரு பொறிவண்டு, டிரினிடாடிலிருந்து வந்த கிரிப்டோநாத்தா நோடிசெப்ஸ்.

ஆய்வுக்கூடங்களில் கைலோகோரஸைப் பரங்கிக்காயில் வளர்க்கிறார்கள். காயின்மேல் செதிலைப் பெருக்கி, அதன்மேல் வண்டை விடுவது முறை. வீட்டில் செய்வதென்றால் காய் அழுகிவிடுவதுதான் முதல் தோல்வி. காம்போடு முற்றிய, தோலில் கீறலில்லாத காயை எடுங்கள், அடுக்கி வைக்காமல் தனித்தனியாக வையுங்கள். அதைவிடச் சுலபம், வண்டும் புழுவும் உள்ள ஓலைத் துண்டுகளை மாலையில் அறுத்து, பூச்சியுள்ள மரத்தின் மட்டையிடுக்கில் செருகிவிடுவது. மரத்தில் எறும்பு அதிகமானால் வண்டை விரட்டும். செதிலுக்கும் எறும்புக்கும் உறவில்லை, ஆனால் அதே மரத்தில் மாவுப்பூச்சி இருந்தால் எறும்பு வரும்.

மயிலாடுதுறை வாசகர்: பிலிப்பைன்ஸில் லட்சக்கணக்கான தென்னைகளைச் செதில் பாழாக்கியதாகப் படித்தேன். நம் பூச்சிதானா?

பதில்: முதலில் அங்கேயும் நம் பூச்சி என்றுதான் நினைத்தார்கள். 2010ஐ ஒட்டி படங்காஸ் மாகாணத்தில் தொடங்கி, 2014இல் அரசு அவசர ஆணை பிறப்பிக்கும் அளவுக்குப் போனது. மக்கள் அதைக் கோகோலிசாப் என்பார்கள். வில்லை தயாரித்துப் பார்த்தபோது அது ஆஸ்பிடியோட்டஸ் ரிஜிடஸ் என்று தெரிந்தது. இந்தோனேசியாவின் சங்கிர் தீவில் 1920களில் தென்னையை வாட்டிய பூச்சியை வைத்து ரெய்னே என்ற டச்சுக்காரர் 1947இல் டெஸ்ட்ரக்டரின் உள்ளினமாக விவரித்தது அது. பிறகுதான் தனி இனமானது. தோல் தடித்து விறைப்பாக இருப்பதால் ரிஜிடஸ்.

லென்ஸிலேயே ஓர் அடையாளம் உண்டு. டெஸ்ட்ரக்டர் தன்னைச் சுற்றி வளையமாக முட்டையிடும். ரிஜிடஸ் பின்பாதியில் மட்டும் பிறை வடிவில் இடும். பொரிந்த வெறும் முட்டைத் தோல்களும் அதே வடிவில் மிஞ்சியிருக்கும். அதன் வாழ்க்கைச் சுற்றும் டெஸ்ட்ரக்டரைவிட ஒன்றரை மடங்கு நீளம். பெயர் தவறினால் நஷ்டம் இங்கேதான். ஐந்து வாரக் கணக்கில் தெளிப்புக்கு நாள் குறித்தால் குஞ்சு வெளியே வராத நாளில் தெளிப்போம். ஒன்றின் ஒட்டுண்ணிக் குளவி மற்றதில் வளரும் என்ற உறுதியும் கிடையாது. அங்கே ரிஜிடஸைத் தாக்கிய குளவியே அறிவியலுக்குப் புதிது. கண்டெடுத்த கலாவான் ஊரின் பெயரால் 2016இல் கம்பெரியெல்லா கலாவானிகா ஆனது. உங்கள் தோப்பில் பிறை வடிவம் கண்டால் வேளாண் அலுவலகத்துக்கு மாதிரி கொடுங்கள்.

ஈரோடு வாசகர்: விதை மஞ்சளில் வெள்ளை வட்டங்கள். வைத்த கிழங்கு சுருங்கி முளைக்காமல் போகிறது.

பதில்: மேலே அடைப்புக்குறிக்கு உதாரணம் சொன்ன ஆஸ்பிடியெல்லா ஹார்ட்டியைதான். மஞ்சள், இஞ்சி, சேனை வகைக் கிழங்குகளில் வரும். வயலில் கொஞ்சமாக ஏறி, இருப்பில் பெருகும். மொத்தமாக அப்பிய கிழங்கைச் சேமிக்கவே வேண்டாம். மற்றதை அறுவடைக்குப் பின் ஒருமுறையும் நடுவதற்கு முன் ஒருமுறையும், குயினால்பாஸ் 25 சதவீத மருந்தை லிட்டருக்கு 3 மில்லி கலந்த நீரில் இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஈரம் காயாமல் குவித்தால் செதில் சாகும், கிழங்கும் அழுகும். காய்ந்த எட்டி இலையும் மரத்தூளும் சம அளவு கலந்து அதில் புதைத்துவைப்பது நல்ல முறை. நனைத்தது விதைக்கு மட்டும், ஒரு துண்டுகூடச் சமையலுக்கோ வேகவைக்கும் கொப்பரைக்கோ போகக் கூடாது. கையுறை கட்டாயம்.

விழுப்புரம் வாசகர்: கரும்பில் வரும் செதிலும் இதுவா?

பதில்: இல்லை. அது மெலனாஸ்பிஸ் குளோமெரேட்டா, கணுக்களில் சாம்பல் கறுப்பாக அப்பும். பூச்சியில்லாத கரணை, ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரித்தல், இவ்விரண்டும் போதும். பூச்சி கண்ட வயலில் மறுதாம்பு விடாதீர்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: இனத்தை உறுதிசெய்ய மாதிரி அனுப்பினேன், "பயன்படாது" என்று பதில் வந்தது. எப்படி அனுப்புவது?

பதில்: பிளாஸ்டிக் கவரில் பச்சையாக அனுப்பியிருப்பீர்கள். இரண்டு நாளில் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். பூச்சியுள்ள ஓலையை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, செய்தித்தாள் நடுவே வைத்து, கனமான புத்தகத்தின் கீழ் இரண்டு நாள் உலரவிட்டு, காகித உறையில் போடுங்கள். காய்ந்த பூச்சியையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து வில்லையாக்கிவிடலாம், அதனால் உலர்ந்தால் கெட்டது என்று நினைக்க வேண்டாம். ஓலையைத் துடைக்காதீர்கள், செதிலைச் சுரண்டி எடுத்தும் அனுப்பாதீர்கள். எண்ணெய் தெளித்த ஓலை வேண்டாம். வெறும் ஓடுகளோ, சிறிய நீள்வட்ட ஆண் ஓடுகளோ மட்டும் இருந்தால் இனம் சொல்ல முடியாது. லென்ஸில் பார்த்து, உள்ளே மஞ்சள் உடல் உள்ள பெரிய வட்டங்கள் குறைந்தது இருபது இருக்கும் துண்டாகத் தேர்ந்தெடுங்கள். செடியின் பெயர், ஊர், மாவட்டம், எடுத்த தேதி, ஓலையின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை பென்சிலால் எழுதி உறைக்குள்ளேயே வையுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். வாழையிலிருந்தும் தென்னையிலிருந்தும் எடுத்ததை ஒரே உறையில் போட்டால், எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. தனித்தனி உறை.